சிறைக்குள் எந்த வேலை ஓடும், எது நிற்கும்

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளையில் பஸ் ஏறினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் தாண்டி கரமனையில் இறங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து பூஜப்புரை மத்தியச் சிறை பக்கம்தான். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு நோயாளியைக் கூட்டிப் போகிற குமரி மாவட்டத்துக்காரர்கள் பலர், அந்தச் சிறைக் கைதிகள் சுட்டு விற்கிற 'ஃப்ரீடம்' சப்பாத்தி வாங்கிப் பழகியிருப்பார்கள். 2011-ல் ஒன்று 2 ரூபாய் என்று ஆரம்பித்தது, 2024 கடைசியில்தான் 3 ரூபாய் ஆனது. பத்து சப்பாத்திப் பாக்கெட்டும் ஒரு சிக்கன் கறியும் வாங்கினால் இரண்டு பேர் வயிறு நிறையும். இந்த விலைக்கு எப்படிக் கட்டுபடியாகிறது, உள்ளே வேறு என்னென்ன வேலை நடக்கிறது என்று அடிக்கடி கேள்வி வருகிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடலாம்.

சிறைத் தொழிற்கூடத்துக்கு வாடகை கிடையாது, ஆள் தேடி அலைய வேண்டியதும் கிடையாது. பஞ்சம் நேரத்துக்குத்தான். 1894-ஆம் வருடத்துச் சிறைச் சட்டம் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் அந்த ஒன்பதும் மெஷினுக்குப் போய்ச் சேராது. காலையில் கைதிகள் அடைபட்டிருக்கிற பிளாக்கைத் திறந்து ஆள் எண்ணிக்கை, குளியல், சாப்பாடு, வேலைவாரியாகப் பிரித்து நிறுத்தி மறுபடி எண்ணிக்கை, பட்டறை வாசலில் சோதனை, கருவி எண்ணிக் கொடுப்பது. மத்தியானம் இதே வரிசை திரும்பி நடக்கும். சாயங்காலம் மறுபடி பிளாக்கில் அடைப்பதற்கு முன்னால் கருவி எல்லாம் எண்ணித் திரும்ப வந்தாக வேண்டும். ஒரு கத்தரிக்கோல் குறைந்தால் அது கிடைக்கும்வரை யாரும் நகர முடியாது. கணக்குப் போட்டால் மெஷின் ஓடுவது ஐந்து, ஐந்தரை மணி நேரம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

அடுத்த பஞ்சம் கைத்தேர்ச்சிக்கு. இன்று வேலை பழகியவர் நாளைக்குக் கோர்ட்டுக்குப் போவார், பரோலில் போவார், வேறு சிறைக்கு மாற்றலாவார், தண்டனை முடிந்து வீட்டுக்கே போவார். அப்படிப் போவதுதான் நியாயமும்கூட, வேலை முடியட்டும் என்று யாரையும் பிடித்து வைக்க முடியாது. கடுங்காவல் தண்டனை பெற்றவர்தான் கட்டாயம் வேலை செய்ய வேண்டியவர். சாதாரணக் காவல் தண்டனைக்காரர் விரும்பினால் செய்யலாம். விசாரணைக் கைதியைக் கட்டாயப்படுத்த முடியாது. உள்ளே இருப்பவர்களில் பெரும்பகுதி விசாரணைக் கைதிகள் என்பதால், ஆள் நிறைய இருந்தும் பட்டறைக்கு வருகிற கை குறைவு. ஆகவே சிறைக்கு ஒரு தொழில் பொருந்துமா என்று பார்க்க என்னிடம் இரண்டே கேள்விகள் உண்டு: புது ஆள் எத்தனை நாளில் கற்பார்? வேலை பாதியில் நின்றால் என்ன கெட்டுப்போகும்?

சப்பாத்தி இரண்டிலும் தேறிவிடுகிறது. பத்து கிலோ ஆட்டாவுக்கு உப்பு 100 முதல் 150 கிராம், எண்ணெய் கால் லிட்டர், தண்ணீர் ஆறிலிருந்து ஆறரை லிட்டர். பிசையும் மெஷினில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், அப்புறம் ஈரத்துணி மூடி இருபது நிமிடமாவது ஊற வைக்க வேண்டும். பதினாறு கிலோவுக்கு மேல் மாவு தேறும். உருண்டைக்கு 40 கிராம் என்று வெட்டினால் ஏறத்தாழ 400. உருண்டை சூடான தகடுகளுக்கு நடுவே அமுங்கி வட்டமாகி, மூன்றடுக்குக் கன்வேயரில் போய், கடைசி அடுக்கில் நேர்த் தீயில் உப்பி வெளியே விழும். உருண்டை போடுவது, எடுத்து அடுக்குவது, எண்ணிப் பாக்கெட் போடுவது எல்லாம் ஒரே நாளில் பழகக்கூடியவை. மாவு பிசைகிற இடத்திலும் பர்னர் பக்கத்திலும் மட்டும் விஷயம் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும். இன்று நாலு பேர் கோர்ட்டுக்குப் போனாலும் வேறு நாலு பேரை நிறுத்தி ஓட்டிவிடலாம். உடைந்தது, கருகியது, வடிவம் கோணியது எதுவும் நஷ்டமில்லை, உள்ளேயே சாப்பாட்டுக்குப் போய்விடும். காலையில் போட்டதற்குச் சாயங்காலம் காசு, ஸ்டாக் என்ற தலைவலியே இல்லை.

கெட்டுப்போகிற இடங்கள் என்று பார்த்தால் முதலாவது தண்ணீர். ஜூனில் மழை பிடித்ததும் சாக்கு மாவே ஈரம் குடித்திருக்கும். வெயில் காலத்து அளவிலேயே தண்ணீர் ஊற்றினால் மாவு இளகி, தகட்டில் ஒட்டி, மெஷின் நின்றுவிடும். பயந்துபோய்த் தண்ணீரைக் குறைத்தால் ஓரம் வெடித்து, சப்பாத்தி உப்பாமல் அப்பளமாக வரும். அரை லிட்டரைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் பார்த்துப் பார்த்து ஊற்றுவதுதான் வழி. இரண்டாவது தகட்டுச் சூடு. அதிகமானால் மேல்தோல் முன்கூட்டியே காய்ந்து, உள்ளே ஆவி சேர வழியில்லாமல் சப்பாத்தி தட்டையாகவே வெளியே வரும். பார்க்கிறவர்கள் மாவைத்தான் குறை சொல்வார்கள்.

மூன்றாவது கேஸ். 19 கிலோ சிலிண்டர் இரண்டை மட்டும் கோத்து மணிக்கணக்கில் இழுத்தால், சிலிண்டரின் அடிப்பாகம் வியர்த்துப் பனி பிடிக்கும். உள்ளே திரவம் ஆவியாகிற வேகத்தைவிட இழுப்பு அதிகமானதுதான் காரணம். அழுத்தம் இறங்கி, தீ மஞ்சளாகி, கடைசி அடுக்கில் உப்புவது நிற்கும். சிலிண்டர் காலி என்று நினைத்து மாற்றுவார்கள், தூக்கிப் பார்த்தால் பாதி கேஸ் உள்ளேயே இருக்கும். நாலு சிலிண்டரைப் பக்கத்தில் பக்கத்தில் கோத்து ஒவ்வொன்றிலும் கொஞ்சமாக இழுப்பதுதான் சரி. சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றுகிற பழக்கம் எங்கே இருந்தாலும் உடனே நிறுத்த வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது அவசரப் பேக்கிங். வேன் நிற்கிறது என்று சூட்டோடு கவரில் போட்டு ஒட்டினால் உள்ளே ஆவி தண்ணீராகி, அடிச் சப்பாத்தி இரண்டும் ஒட்டி, திருவனந்தபுரத்து ஈரக்காற்றில் மறுநாளே வாடை வரும். விசிறிக்குக் கீழே விரித்துப்போட்டு, கையால் தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பிறகுதான் கவர். இதற்கு மேசையும் இடமும் வேண்டும். புதிதாக யூனிட் போடுகிறவர்கள் மெஷினுக்கு இடம் அளந்துவிட்டு ஆற வைக்க இடம் விடாமல் போவதுண்டு.

பூஜப்புரையில் பிடித்த இந்தப் பாதை திருச்சூர் வியூர் சிறையில் இன்னும் தூரம் போனது. 2019-ல் ஸ்விக்கி மூலம் அங்கிருந்து பிரியாணி, கோழிக்கால் பொரிப்பு, மூன்று சப்பாத்தி, கறி, ஊறுகாய், கப் கேக், தண்ணீர் பாட்டில், சாப்பிட வாழையிலை எல்லாம் சேர்த்து 127 ரூபாய்க்கு விற்றார்கள். இலைவரைக்கும் யோசித்திருக்கிறார்களே என்று அப்போது பேச்சு. விலை எப்படி இவ்வளவு குறைவு என்பதற்கு மொத்தக் கொள்முதல், வாடகை இல்லாமை என்று காரணம் சொல்வார்கள், அதெல்லாம் உண்மைதான். ஆனால் பெரிய காரணம் கூலி. வெளியே ஒரு ஹோட்டல் மாஸ்டருக்குக் கொடுக்கிற சம்பளத்தை வைத்துப் பார்த்தால் அந்தப் பாக்கெட் அந்த விலைக்கு வராது. அதைச் சொல்லாமல் மலிவை மட்டும் புகழ்வது எனக்கு ஒப்பவில்லை.

தறிக்கு வருவோம். பாலராமபுரத்தில் மன்னர் காலத்தில் குடியேற்றப்பட்ட சாலியர்கள் நாஞ்சில் நாட்டுப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு நெசவு புதிதில்லை. சிறைக்குள்ளும் நெசவு நூறு வருடத்துக்கு மேல் பழக்கம். இன்றும் அது தாக்குப்பிடிப்பதற்கு ஒரே காரணம், வாங்குகிறவர் அரசாங்கமே. கைதிகளின் சட்டைத் துணி, படுக்கை விரிப்பு, துண்டு எல்லாம் துறைக்கே வேண்டும். கோவைச் சிறையில் விசைத்தறித் துணி என்றால் காவல்துறைச் சீருடைக்கும் போகும். கடைக்குப் போய்ப் போட்டி போட வேண்டியதில்லை.

என் இரண்டு கேள்வியை வைத்துப் பார்த்தால் தறி தேறாது. குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடாவை ஓட்டவும் மிதிக்கவும் ஒரு வாரத்தில் வரும். ஒரே சீராக அடித்து, அறுந்த இழையைத் தப்பாமல், இழையைத் தூக்கி இறக்குகிற விழுதில் கோத்து, சீப்பு மாதிரி இருக்கிற அச்சில் சரியான பல்லில் இழுக்க மூன்று மாதமாவது ஆகும். அதற்குள் ஆள் மாறிவிடுவார். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றிய நூல், பாதியில் நிற்கும்போது அதே பாவில் இன்னொருவர் உட்கார்ந்தால் துணி அதைக் காட்டிக்கொடுக்கும். குறுக்கு நூலை நெருக்குகிற பலகையை ஒருவர் ஓங்கி அடிப்பார், ஒருவர் மெதுவாக. கை மாறிய இடத்தில் ஊடை என்கிற அந்தக் குறுக்கு நூலின் அடர்த்தி மாறி, குறுக்கே ஒரு பட்டை விழும். வெள்ளை விரிப்பில் யாருக்கும் தெரியாது. கட்டம் போட்ட துணியில் கட்டம் சதுரமாக இல்லாமல் நீண்டோ குறுகியோ நிற்கும், தூரத்திலிருந்தே தெரியும். சிறைத் துணியில் கட்டம் எடுப்பதைக் குறைத்து வெற்றுத் துணியும் நீளக் கோடும் போட்டாலே கழிவு நன்றாகக் குறையும். நீளக் கோடு பாவிலேயே வந்துவிடுவதால் நெய்கிறவர் கை அதைக் கெடுக்காது.

நல்ல நெசவு ஆசிரியர் இன்னும் சில வேலை செய்வார். நூறு மீட்டர் பாவைத் தறியில் ஏற்றாமல் நாற்பது, ஐம்பது மீட்டரோடு நிறுத்துவார். ஒரு தறிக்கு இரண்டு பேரைப் பழக்குவார். தறித் தூணில் ஓர் அட்டை தொங்கும்: நூல் நம்பர், அச்சு, அங்குலத்துக்கு எத்தனை ஊடை. புதிதாக உட்காருகிறவர் அரை அடி நெய்ததும் லென்ஸ் வைத்து எண்ணிப் பார்த்து, கூடக் குறைய இருந்தால் அங்கேயே திருத்தலாம். மழைக்காலத்தில் கஞ்சி போட்ட பாவைத் தறியில் சும்மா விட்டுவைத்தால் பூஞ்சை பிடித்து இழை பொலபொலவென்று அறும். நெய்ய ஆள் இல்லை என்றால் பாவைத் தளர்த்தித் துணி போட்டு மூடுவதாவது செய்ய வேண்டும்.

கருவிக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம். தையல், தோல், தச்சுப் பட்டறைகளில் சுவரில் பலகை அடித்து, ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பெயிண்டில் வரைந்து வைப்பது வழக்கம். எடுத்தவர் தன் நம்பர் வில்லையை அங்கே மாட்ட வேண்டும். காலியான உருவமும் வில்லையும் சேர்ந்து இருந்தால் சரி, உருவம் மட்டும் காலி என்றால் ஆளைத் தேட வேண்டும். தையல் மெஷின் ஊசிக்கு இது போதாது. ஒடிந்த ஊசியின் இரண்டு துண்டையும் கொண்டு வந்து ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி. பாதித் துண்டு துணியில் தங்கிவிட்டால் தைத்த கட்டு மொத்தத்தையும் பிரித்துப் பார்ப்பார்கள்.

ரப்பர் கதையே வேறு. காட்டாக்கடைக்கு அப்பால், நெய்யாறு அணைப் பக்கம், நெட்டுகால்தேரி திறந்தவெளிச் சிறை 1962-லிருந்து இருக்கிறது. பனச்சமூடு, வெள்ளறடை வழியாகக் குமரி மாவட்டத்திலிருந்து எட்டிவிடும் தூரம். அங்கே முக்கிய வேலை ரப்பர்தான். மூடிய சிறையில் ரப்பர் வெட்டு நடக்காது, காரணம் பாலின் நேரம். வெயில் ஏறுவதற்கு முன்னால் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். பிளாக் திறந்து எண்ணி முடித்து ஆளை விடுகிற நேரத்துக்கு அது இறங்கிவிடும். மதில் இல்லாத சிறையில், நன்னடத்தையோடு தண்டனையில் ஒரு பகுதி கழித்தவர்கள் மட்டும் இருக்கிற இடத்தில்தான் விடியற்காலை வெட்டு நடக்கும்.

ஒட்டு மரத்துக்குத் தரைப்பக்கம் ஒட்டிய இடத்திலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்தால் வெட்டத் தொடங்கலாம். பாதி மரத்தைச் சுற்றி, இடமிருந்து வலம் இறங்குகிறாற்போல் 30 பாகைச் சரிவு, ஒன்றுவிட்ட நாள் வெட்டு. ஆளுக்கு முந்நூறு மரம் ஒரு நல்ல பங்கு. மரத்தை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட்டு வெட்ட வேண்டும். அதற்குள்ளும் கத்தி இறங்கினால் மரம் காயப்பட்டு, அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும், சில வருடம் கழித்துப் புதுப்பட்டையில் மறுபடி வெட்ட வரும்போது கத்தி ஓடாது. பழகுகிறவருக்கு நல்ல மரத்தைக் கொடுக்காமல், முறித்து மறுநடவு செய்யப்போகிற வயதான மரங்களைக் கொடுப்பது அதனால்தான். வெட்டுக்கத்தியும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிற சாமானே. திறந்தவெளிச் சிறை என்பதால் அது மாறாது.

சிரட்டையில் சேர்ந்த பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, தட்டுக்கு அரைக் கிலோ ரப்பர் தேறுகிறாற்போல் ஊற்றி, பார்மிக் ஆசிட்டை நன்றாகத் தண்ணீரில் கரைத்துச் சேர்த்தால் உறையும். உறைந்ததைத் தட்டையாக ஷீட் அடிப்பார்கள். ஆசிட் மறுநாள் ஷீட் அடிக்கப் போகிற பாலுக்குக் குறைவாகவும், அன்றே அடிக்கிறதுக்குக் கொஞ்சம் கூடவும் போதும். அளக்காமல் ஊற்றுகிற ஆசிட்தான் எங்கள் பக்கத்துச் சின்னத் தோட்டங்களிலும் ஷீட்டைக் கெடுக்கிறது. மெஷினில் மூன்று மில்லிமீட்டருக்கு இறக்கி, நீர் வடியவிட்டு, புகை போட்டு உலர்த்துகிற புகைப்புரையில் 40 முதல் 60 பாகை செல்சியஸ் சூட்டில் நாலு நாள். முதல் நாளே தீயை ஏற்றினால் ஷீட்டுக்குள் குமிழி விழும். பாதிக் காய்ச்சலில் இறக்கினால் பத்து நாளில் பூஞ்சை. இரண்டுமே தரத்தை இறக்கிவிடும். வெட்டும் ஷீட்டும் கற்ற ஒருவர் வெளியே வந்தால் குலசேகரம், அருமனைப் பக்கம் மறுநாளே வேலை கிடைக்கும். சிறையில் கற்றுக்கொடுக்கிற தொழில்களில் வெளியே இப்படி நேராக ஒட்டுகிறது ரொம்பக் குறைவு.

பெட்ரோல் பங்க் இப்போது இரண்டு மாநிலத்திலும் உண்டு. இந்தியன் ஆயிலோடு சேர்ந்து நடத்துகிறார்கள், பாளையங்கோட்டையிலும் பூஜப்புரையிலும் பார்க்கலாம். பொதுமக்களோடும் காசோடும் நிற்கிற வேலை என்பதால் தண்டனை முடியப்போகிற, பொறுப்பானவர்களுக்குத்தான். ஆந்திர எல்லைப் பக்கம் வேலூர்ச் சிறையில் பூட்ஸ் தைக்கிறார்கள். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்திலேயே இருப்பதால் தோலுக்கும் அலைச்சலில்லை, கற்றவருக்கும் வெளியே வேலை உண்டு.

கூலி விஷயம். வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்தபோது எண்ணெய்க்காக அந்த வேலை கொடுக்கப்படவில்லை, உடம்பை ஒடிக்கக் கொடுக்கப்பட்டது. அங்கிருந்து இன்றைக்குக் கூலி என்று பேசுகிற இடத்துக்கு வந்திருக்கிறோம். 1998-ல் குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம், கடுங்காவல் கைதியை வேலை வாங்கலாம், ஆனால் நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்றது. சாப்பாடு, துணிச் செலவைக் கழித்துக்கொள்ளலாம், குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பங்கு ஒதுக்க வழி செய்ய வேண்டும், கூலி நிர்ணயிக்க மாநிலங்கள் குழு அமைக்க வேண்டும் என்றும் சொன்னது. கேரள உயர் நீதிமன்றம் 1983-லேயே கைதிகளின் கூலி உயர வேண்டும் என்று தீர்ப்பு சொல்லியிருந்தது. நடைமுறையில் கூலியில் பிடித்தம் போக மிஞ்சுவதில் கேன்டீன் செலவு, வீட்டுக்கு அனுப்புவது, விடுதலையாகும்போது கையில் வாங்குவது என்று பிரியும். பிடித்தத்தின் அளவு மாநிலத்துக்கு மாநிலம் வேறு, அடிக்கடி மாறவும் செய்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன தொகையை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

யாருக்கு எந்த வேலை என்பதும் முக்கியம். சமையல் ஒரு சாதிக்கு, துப்புரவு ஒரு சாதிக்கு என்று பழைய சிறைக் கையேடுகளில் இருந்த விதிகளை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3-ஆம் தேதி செல்லாது என்றது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிளாக் பிரித்ததும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டிருக்கிறது. தீர்ப்புக்கு முன்னாலும் பின்னாலும் வேலைப் பதிவேட்டை எடுத்து, ஆறு மாதமாகக் கழிவறைப் பக்கம் யார் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தாலே ஒரு சிறை மாறியிருக்கிறதா என்று தெரியும்.

எல்லைக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் வழக்கு நடந்தால் பாளையங்கோட்டை, அந்தப் பக்கம் நெய்யாற்றின்கரைக் கோர்ட்டு என்றால் பூஜப்புரை. ஒரே ஊர்க்காரர்கள் இரண்டு பேருக்கு வேறு கூலி, வேறு பிடித்தம், வேறு வேலை. கேரளத்தில் தண்டனை பெற்றவரைத் தமிழ்நாட்டுச் சிறைக்கு மாற்ற 1950-ஆம் வருடத்து கைதிகள் மாற்றச் சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் இரண்டு அரசும் சம்மதிக்க வேண்டும். அங்கே ரப்பரோ சப்பாத்தி யூனிட்டோ பழகி நல்ல கூலிப் பிரிவில் இருப்பவர் இங்கே வந்தால் முதல் படியிலிருந்து தொடங்க நேரலாம். வீட்டுக்குப் பக்கம் வருவது பெரிதா, கைத்தொழில் பெரிதா என்று அவரையே கேட்டுவிட்டு மனுப் போடுங்கள். மாற்றல் உத்தரவு வந்துவிட்டால் ஆள் கிளம்பும் முன்பே மூன்று தாள்களைச் சூப்பிரண்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலை செய்து சம்பாதித்த தண்டனைக் குறைப்பு நாட்களின் பதிவு, கூலிக் கணக்கில் நிற்கிற பாக்கி, எந்தப் பட்டறையில் எத்தனை மாதம் வேலை செய்தார் என்ற சான்று. குறைப்பு நாட்களின் பதிவு வந்து சேராவிட்டால், விடுதலைத் தேதி போடுகிற குமாஸ்தா அந்த நாட்களை விட்டுவிட்டுத்தான் கணக்குப் போடுவார்.